கற்றல் குறைபாடுள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால்: டெல்டா பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மேட்டூர் அணையை வழக்கமாக எந்தத் தேதியில் திறப்பார்கள், குறுவை நெல்லுக்கும் தாளடி நெல்லுக்கும் என்ன வித்தியாசம், நில அளவில் ஒரு வேலிக்கு எத்தனை மா என்று கேட்டால் கடகடவெனச் சொல்லும் பிள்ளை. அதையே நாலு வரி எழுதச் சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அப்புறம் எழுதியதில் பாதியை அவனாலேயே வாசிக்க முடியாது. இப்படி ஒருவர் உங்கள் வகுப்பில் இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

நான் சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே ஒரு எண்ணம்தான் இருக்கிறது. பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது ஒரு கேள்வி. அதைப் படித்தோ எழுதியோ காட்ட முடிகிறதா என்பது வேறு கேள்வி. நம் பள்ளிகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மீதி வேலை பாதி குறையும்.

வாசிப்பதில் வரும் சிக்கல் டிஸ்லெக்சியா, எழுதுவதில் வருவது டிஸ்கிராஃபியா, எண்ணும் கணக்கும் பிடிபடாமல் போவது டிஸ்கால்குலியா. ஒரே பிள்ளைக்கு இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். கூடவே கவனக் குறைவும் துறுதுறுப்பும் இருக்கலாம். இவை மூளை எழுத்தையும் ஒலியையும் கையாளும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடுகள். குடும்பத்தில் பலருக்கும் வருவதுண்டு. சோம்பேறித்தனமோ, வளர்ப்போ, செல்போனோ இதற்குக் காரணம் கிடையாது. மாத்திரையோ, மருந்துக்கடையில் விற்கும் ஞாபகசக்தி டானிக்கோ இதைத் தீர்க்காது. தீர்வு நம் கற்பித்தலில்தான் இருக்கிறது.

முதல் படி: கண், காது, வருகைப் பதிவேடு

கற்றல் குறைபாடு என்று நினைப்பதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாளா? வாய்க்காலிலும் குளத்திலும் குளிக்கிற பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது. அரைகுறையாகக் கேட்கும் காதுக்கு ‘ப’வும் ‘ம’வும் ஒன்றுபோல் கேட்கும். ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவிடம் அந்தப் பிள்ளையைத் தனியாகக் காட்டுங்கள், கூட்டத்தோடு கூட்டமாக விட்டுவிடாதீர்கள்.

பதிவேட்டையும் பின்னோக்கிப் புரட்டுங்கள். பெற்றோர் திருப்பூருக்கு வேலைக்குப் போய், பிள்ளை ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே என்று அலைந்திருந்தால் அது கற்றல் இடைவெளி. சொல்லிக்கொடுத்தால் மளமளவென ஏறிவிடும். குறைபாடுள்ள பிள்ளைக்கு அதே உதவி கொடுத்தாலும் மெதுவாகத்தான் ஏறும். இரண்டு மாதம் ஒழுங்காகக் கற்பித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆக, எப்படியும் கற்பித்தலில் இருந்துதான் தொடங்க வேண்டும், சான்றிதழில் இருந்து அல்ல.

இரண்டாம் படி: நோட்டைத் திருத்தாமல் வாசியுங்கள்

சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரத்து நோட்டை எடுத்து, எந்த மாதிரிப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

முதலில் ஒரு வகைப் பிழையைக் கழித்துவிட வேண்டும். இலையை ‘எல’ என்றும், உடம்பை ‘ஒடம்பு’ என்றும், வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்றும் எழுதும் பிள்ளைக்குக் குறைபாடு ஏதும் இல்லை. வீட்டில் பேசுவதை அப்படியே எழுதியிருக்கிறது. சொல்லப்போனால் இது நல்ல அறிகுறி. காதில் விழுந்த ஒலியைப் பிரித்து, அதற்குரிய எழுத்தைக் கண்டுபிடித்து எழுதத் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? ‘ல’, ‘ள’, ‘ழ’ குழப்பமும், ‘ன’, ‘ண’ குழப்பமும் நம் பேச்சிலேயே இருப்பவை. பெரியவர்களும்தான் தப்பாக எழுதுகிறார்கள்.

கவலைப்பட வேண்டிய பிழைகள் வேறு மாதிரி இருக்கும். ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஒரு எழுத்து காணாமல் போகும். ‘மரம்’ ‘மம்’ ஆகும். எழுத்துகள் இடம் மாறும்; ‘தகரம்’ ‘கதரம்’ ஆகும். புள்ளிகள் அநேகமாக இருக்கவே இருக்காது. வாசிக்கும்போது முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது இன்னொன்று: ‘வயல்’ என்று இருந்தால் ‘வண்டி’ என்பாள். மேல் வரியில் தட்டுத்தடுமாறி வாசித்த சொல் அடுத்த வரியில் வந்தால் புதுச் சொல்லைப் போலத் திகைப்பாள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பான்.

தமிழில் கவனிக்க வேண்டிய இன்னொன்று வேகம். ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கானது. அதனால் கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை தப்பில்லாமல் வாசித்துவிடும். ஆனால் எழுத்துக் கூட்டிக் கூட்டி, வேர்த்து விறுவிறுத்து வாசிக்கும். ஒரு பத்தி முடிவதற்குள் பத்தியின் தொடக்கம் மறந்துபோயிருக்கும். ‘படித்துக்கொண்டிருந்தபோது’ மாதிரி நீளமான சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடும். அதே பிள்ளை ஆங்கிலத்தில் அப்பட்டமாகத் தவறு செய்யும். “தமிழ் பரவாயில்லை, இங்கிலீஷ்தான் வரலை” என்று ஒதுக்கிவிடாமல், தமிழில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள்.

நடத்தையும் துப்புக் கொடுக்கும். வரிசையாக வாசிக்கச் சொல்லும்போது, தன் முறை நெருங்கினால் சிறுநீர் கழிக்கப் போகணும் என்று எழுந்திருக்கிறவன். தமிழ் டெஸ்ட் அன்றைக்குச் சரியாக வயிற்றுவலி வருகிறவள். பக்கத்துப் பையனைக் கிள்ளிவிட்டு வெளியே நிற்கும் தண்டனையைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறவன்.

ஒரு எச்சரிக்கை: ஆறு ஏழு வயது வரை எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி எழுதுவது பல பிள்ளைகளுக்கும் உண்டு. அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மூன்றாம் படி: எந்த இடத்தில் அறுகிறது என்று கண்டுபிடியுங்கள்

பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, பரீட்சை என்று சொல்லாமல், கால் மணி நேரம் போதும். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் காது. புத்தகமே வேண்டாம். “அணில், அம்மா, மரம். இதில் எது வேறு மாதிரி ஆரம்பிக்குது?” “‘கதவு’வில் கடைசி எழுத்தை விட்டுட்டுச் சொல்லு.” மோனை, எதுகை என்று நாம் மேல்வகுப்பில் இலக்கணமாக நடத்துவதை இங்கே விளையாட்டாகக் கேட்கிறோம். இதிலேயே தடுமாறினால் எழுத்துக்கு முன் ஒலியில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது எழுத்து. அட்டைகளைக் கலைத்துப்போட்டுக் காட்டுங்கள். வரிசையாகக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். ‘க, ங, ச’வென்று பாட்டாக ஒப்பிக்கும் பிள்ளை, நடுவிலிருந்து ‘ஞ’வைக் காட்டினால் விழிக்கும்.

மூன்றாவது சொல். தெரிந்த சொல் சிலவற்றோடு ‘பமுரி’, ‘தனோகு’ என்று அர்த்தமே இல்லாத சொற்களையும் கலந்து கொடுங்கள். தெரிந்ததை வாசித்து, இல்லாத சொல்லை வாசிக்க முடியாவிட்டால், பிள்ளை இதுவரை உருவத்தை மனப்பாடம் செய்தே ஓட்டியிருக்கிறது.

நான்காவதுதான் முக்கியம். அவன் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, வாயாலேயே கேள்வி கேட்டு, வாயாலேயே பதில் வாங்குங்கள். சரியாகச் சொன்னால் புரிதலில் குறை இல்லை, எழுத்தில்தான் சிக்கல் என்று உறுதியாகிறது. வாசித்துக் காட்டியும் புரியவில்லை, பேச்சும் வயதுக்கேற்ப இல்லை, விளையாட்டிலும் வீட்டு வேலையிலும் பின்தங்குகிறாள் என்றால் அது வேறு வகை. அதற்கு இந்த வழிகாட்டி போதாது. நேராக மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரிடம் அனுப்புங்கள்.

நான்காம் படி: திங்கட்கிழமையே மாற்றக்கூடியவை

வகுப்பின் நடு வரிசையில் முன்பக்கம், நல்லா வாசிக்கும் ஆனால் அதட்டாத ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள். எல்லோர் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். வாசிக்க வைக்கத்தான் வேண்டும் என்றால், முதல் நாளே “நாளைக்கு நீ இந்த மூணு வரி வாசிக்கணும்” என்று சொல்லி அனுப்புங்கள்.

கரும்பலகையிலிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதச் சொல்வதில் இந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது கைவலி மட்டும்தான். குறிப்பை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம், அல்லது பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாம். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. “நோட்டை எடு, தேதி போடு, ஏழாவது பக்கம் திருப்பு, கேள்வியை எழுது” என்று ஒரே மூச்சில் சொன்னால் நோட்டை எடுத்ததோடு நின்றுவிடுவான்.

பத்து தடவை எழுதிக்கொண்டு வா என்ற தண்டனையைப் பற்றி என் கருத்து கடுமையானது. தப்பான வடிவத்தைப் பத்து தடவை எழுதினால் தப்புதான் பத்து மடங்கு உறுதியாகும். பிழையான மூன்று சொல்லை மட்டும் எடுத்து, உங்கள் எதிரில் சரியாக இரண்டு தடவை எழுத வையுங்கள். அது போதும். அடிப்பது, “மக்கு” என்பது, மற்றவர்களோடு ஒப்பிட்டு அவமானப்படுத்துவது எல்லாம் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்தவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மதிப்பெண்ணையும் பிரியுங்கள். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் பதிலின் உள்ளடக்கத்துக்கு மார்க் போடுங்கள், எழுத்துப் பிழைக்குக் குறைக்காதீர்கள். வகுப்புத் தேர்வில் சில கேள்விகளை வாய்மொழியாகக் கேட்டு மார்க் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. படம் வரைந்து பாகம் குறித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். நெற்பயிரின் பருவங்களை வரைந்து காட்டுபவளுக்குப் பாடம் தெரியும்.

செல்போன் இங்கே உண்மையிலேயே உதவும். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் காணொளி வரும். போனிலேயே தமிழில் வாசித்துக் காட்டும் வசதியும், பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டையும் பழக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: எழுத்தைப் புதிதாகக் கற்பித்தல்

தினமும் கால் மணி நேரம். வாரத்துக்கு ஒருநாள் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட இது பலன் தரும். காலை வழிபாட்டுக்கு முன்போ, மதியச் சாப்பாட்டுக்குப் பின்போ, உங்களுக்கு எது தோதோ அது.

பார்ப்பது, கேட்பது, சொல்வது, தொடுவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இன்றைக்கு உலகம் முழுக்க டிஸ்லெக்சியா பயிற்சியில் கையாளும் முறை இது. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னதும் இதேதான். ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணலோ உமியோ பரப்புங்கள். பிள்ளை எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் பெரிதாக எழுதட்டும். கண்ணை மூடி ஒருமுறை. அப்புறம் சிலேட்டு. அப்புறம்தான் நோட்டு, அதுவும் இரட்டைக் கோடு நோட்டு.

247 எழுத்தையும் வரிசைப்படி நடத்த வேண்டாம். குழப்பும் ஜோடிகளைத் தள்ளித் தள்ளி நடத்துங்கள். ‘ன’வை நன்றாக ஊன்றிய பிறகு பல நாள் கழித்து ‘ண’. ‘எ’ ஊன்றிய பிறகு ‘ஏ’. ‘ர’வும் துணைக்காலும் (‘கா’வில் வரும் கால்) ஒரே மாதிரி இருப்பதைப் பெரியவர்கள் நாம் கவனிப்பதே இல்லை. இந்தப் பிள்ளைக்கு ‘காரம்’ என்ற சொல்லே ஒரு பொறி. தொடக்கத்தில் துணைக்காலை வேறு நிறத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னொரு சிக்கல். ‘கெ’யில் கொம்பை முதலில் எழுதுகிறோம், ஒலியைக் கடைசியில் சொல்கிறோம். ‘கொ’வில் ஒரே உயிர் ஒலி எழுத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் ஒரே அட்டையில் ஒட்டி, ஒரே உருவமாகக் காட்டி, ஒரே ஒலியாகச் சொல்லிக் கொடுங்கள். பிரித்து விளக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உகர வரிசைதான் பெரிய தலைவலி. ஆகார வரிசைக்குக் கால் போட்டால் போதும். உகரத்துக்கு அப்படி ஒரே குறி கிடையாது. ஆனால் வடிவத்தை வைத்து மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம். ஙு, சு, பு, யு, வு ஆகிய ஐந்தும் கீழே நேர்க்கோடு இறங்குபவை. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஆறும் வளைத்துச் சுற்றுபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகிய ஏழும் கீழே போய் மேலே ஏறுபவை. ஒரு குடும்பம் கைக்கு வந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் மூன்றும் கலந்துவிடும். ‘ஙு’, ‘ஞு’ இரண்டும் சொல்லில் வருவதே அபூர்வம், விட்டுவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது.

நீளச் சொற்களுக்கு வெட்டும் முறை. ‘படித்துக் / கொண்டு / இருந்த / போது’ என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். பிறகு பிள்ளையே கோடு போடட்டும். அப்புறம் கோடு இல்லாமல். தமிழ்ச் சொல் ஒட்டி ஒட்டி நீளும் தன்மையுள்ளது என்பதால் ‘கொண்டு’, ‘இருந்த’, ‘ஆக’, ‘இல்லாமல்’ மாதிரி அடிக்கடி வரும் துண்டுகளை ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழக்கினால் வாசிப்பு வேகம் கூடும்.

வாசிப்புக்குப் பாடநூல்தான் வேண்டும் என்பதில்லை. பஸ் பலகையில் இருக்கும் ஊர்ப் பெயர்கள் (வலங்கைமான், நீடாமங்கலம், பாபநாசம்), விதை மூட்டை மேல் அச்சடித்திருப்பது, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாமே வாசிப்புப் பொருள்தான். ஒரே பத்தியை மூன்று நாள் திரும்ப வாசிக்க வைத்து, எடுத்த நேரத்தைக் குறித்துக் காட்டுங்கள். நேரம் குறைவதைத் தன் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு வேறு ஊக்கப் பரிசு தேவைப்படாது.

அரசுத் தொடக்கப் பள்ளிகளின் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பது நல்ல வாய்ப்பு, ஏனென்றால் தனியாகக் கற்பிப்பது அங்கே விசித்திரமாகத் தெரியாது. ஒரே ஒரு ஆபத்து: எழுத்து வரவில்லை என்பதற்காகக் கணக்கிலும் கதை கேட்பதிலும் சேர்த்து அரும்பிலேயே உட்கார வைத்துவிடுவது. நிலையைப் பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகப் பாருங்கள்.

ஆறாம் படி: கணக்கு

தமிழில் எண்ணுப் பெயர்கள் பெரும்பாலும் ஒழுங்கானவை. ‘இருபத்து மூன்று’ என்றால் முதலில் இருபது, அப்புறம் மூன்று. எழுதும் வரிசையும் அதுதான். ஒன்பதில்தான் இடறும்: ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். தொண்ணூற்றில் ‘நூறு’ என்ற ஒலி கேட்பதால் பிள்ளை நூறுக்கு மேல் எங்கோ போய்விடும். ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு இரண்டு முறையும் மோதும். எண்ணை அட்டையாகவும், பெயராகவும், பொருளாகவும் ஒன்றாக வைத்தே கற்பியுங்கள்.

இடமதிப்புக்கு நடவு வயலே நல்ல கருவி. வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, பத்துத் துண்டைக் கட்டினால் ஒரு முடி, பத்து முடி சேர்ந்தால் ஒரு கட்டு என்று வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக் கழித்தல் வரும்போது ஒரு முடியை அவிழ்த்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கின்றன. கையால் அவிழ்த்தவனுக்கு “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்ற மந்திரம் தேவையில்லை. பெருக்கலுக்கு நெல் கொள்முதல் நிலைய மூட்டை இருக்கிறது: ஒரு மூட்டை 40 கிலோ, ஆறு மூட்டை எவ்வளவு? பெரிய எண்ணுக்கு ஒரு மா 100 குழி, ஒரு வேலி 20 மா. வீட்டில் தாத்தா பேசும் கணக்கு இது என்பதால் பிள்ளைக்குப் பாதி தூரம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வாய்ப்பாடு மனப்பாடமாகவில்லை என்றால் எழுதிய அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விடுங்கள். கட்டக் கோடு போட்ட நோட்டில் கணக்குப் போட்டால் ஒன்றும் பத்தும் இடம் மாறாது.

ஏழாம் படி: மற்ற பிள்ளைகளும் வீடும்

“அவனுக்கு மட்டும் ஏன் சார் கூடுதல் நேரம்?” என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். டெல்டாப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏற அதிக நேரம் மடையைத் திறந்து வைக்கிறோம், தலைமடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. அதோடு விட்டுவிடுங்கள், அந்தப் பிள்ளையை நிற்க வைத்துப் பிரசங்கம் செய்ய வேண்டாம். பட்டப்பெயர் வைத்தால் மட்டும் உடனே, தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். அவனுக்கு நன்றாக வருவது எதுவோ, கபடியோ, மோட்டார் ரிப்பேரோ, கோலமோ, அதில் வகுப்பின் பொறுப்பு ஒன்றை அவன் கையில் கொடுங்கள்.

வீட்டில் பேசும்போது யாரிடம் பேசுகிறோம் என்று பாருங்கள். அப்பா சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பார், பிள்ளையை வளர்ப்பது அப்பாயியாக இருக்கும். “நான் கைநாட்டு, எனக்கு என்ன தெரியும் சார்” என்பார்கள். அவர்களிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், கதை சொல்லச் சொல்லுங்கள். விடுகதை போடுவது, சொற்களை மோனையாக அடுக்கி விளையாடுவது எல்லாம் ஒலிப் பயிற்சிதான், எழுத்தறிவு தேவையே இல்லை. கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குக் கூட்டிப்போய் நோட்டுப் பேனா வைத்துக் கும்பிட்டு வந்தோம் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை அது. “சாமியும் கும்பிடுங்க, தினம் கால் மணி நேரம் இதையும் செய்யுங்க ஆத்தா” என்றால் கேட்பார்கள். அடிக்காமல் இருப்பதும், “உன் தங்கச்சியப் பாரு” என்று ஒப்பிடாமல் இருப்பதும் வீட்டிடமிருந்து நாம் கேட்க வேண்டிய பெரிய உதவி.

குறைபாடு என்ற சொல்லை முதல் பேச்சிலேயே போட்டு உடைக்க வேண்டாம். “புத்தி நல்லா இருக்கு, எழுத்துதான் கொஞ்சம் முரண்டு பண்ணுது, என்னன்னு பாப்போம்” என்று தொடங்குங்கள்.

எட்டாம் படி: சிறப்பாசிரியர், மருத்துவமனை, சான்று

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பாடத்திலும் தேர்விலும் தேவையான மாற்றம் செய்து தருவது சலுகை என்ற அளவைத் தாண்டி, சட்டப்படியான கடமையாகிவிட்டது.

உங்கள் இரண்டு மாத முயற்சியின் குறிப்புகளோடு வட்டார வள மையத்துக்கு எழுதுங்கள். அங்குள்ள சிறப்பாசிரியர் பள்ளிக்கு வந்து பார்ப்பார். ஒருவர் பல பள்ளிகளைக் கவனிக்க வேண்டியிருப்பதால் உடனே வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் கேட்பதை நிறுத்தவும் வேண்டாம். வட்டார அளவில் மருத்துவ முகாம் நடத்தும்போது பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். முகாம் அன்றைக்குக் காலையில் போய் நின்றால் வேலை நடக்காது.

முறையான மதிப்பீட்டைக் குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் சேர்ந்து செய்வார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே, எந்த நாளில் பார்க்கிறார்கள் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் சம்பளம். மத்திய அரசின் நெறிமுறைப்படி இந்தச் சான்று 8 வயது நிரம்பிய பிறகே தரப்படும், பிறகு மறுமதிப்பீடும் உண்டு. ஆகவே இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சான்று கேட்டு அலைவது வீண், உதவியை மட்டும் தொடங்குங்கள். மூன்றாம் வகுப்பு வரும்போது எல்லோரையும் ஒருமுறை கூர்ந்து பார்த்துவிடுங்கள்.

போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: பிள்ளையின் நோட்டு இரண்டு (நன்றாக எழுதியதும் மோசமாக எழுதியதும்), தலைமை ஆசிரியர் கடிதம், மூன்றாம் படியில் நீங்கள் குறித்தவை, ஆதார், புகைப்படம். நோட்டு இல்லாமல் போனால் மருத்துவர் பாதிப் படத்தைத்தான் பார்ப்பார். சான்றுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். எங்காவது தடங்கினால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417.

ஆசிரியர் பயிற்சியும் பொருட்களும் வேண்டும் என்றால், சென்னையில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் நெடுங்காலமாக இதே வேலையில் இருக்கிறது.

ஒன்பதாம் படி: பொதுத்தேர்வு

பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவற்றைத் தலைமை ஆசிரியர் வழியாகச் சான்றோடு விண்ணப்பித்துப் பெறலாம். இந்த வேலையை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். ஜனவரியில் ஓடினால் சான்று கைக்கு வருவதற்குள் ஹால் டிக்கெட் வந்துவிடும்.

சொல்வதை எழுதுபவர் கிடைத்தால் மட்டும் போதாது. பதிலை வாயால் ஒழுங்காக, நிறுத்தி நிறுத்திச் சொல்வது ஒரு தனித் திறமை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் வேறு ஆசிரியரையோ கீழ்வகுப்பு மாணவரையோ எழுத வைத்துப் பழக்குங்கள். முதல் தடவை பழக்கமில்லாத ஒருவர் முன் உட்கார்ந்தால் தெரிந்ததும் வாயில் வராது.

மொழிப்பாட விலக்கு பற்றி அவசரப்பட வேண்டாம் என்பேன். விலக்கு வாங்குவது தேர்வுக்கு மட்டும்தான். பஸ் பலகையும் மருந்துச் சீட்டும் பத்திரமும் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக்கு விலக்கு இல்லை. தேர்வு எழுதாவிட்டாலும் வாசிப்புப் பயிற்சி தொடரட்டும்.

பத்தாம் படி: ஒற்றைத் தாள்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு தாளில் திட்டம் எழுதுங்கள். தனிநபர் கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர், ஆனால் பத்துப் பக்கப் படிவம் நிரப்பினால் யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். “வாசிப்பு மேம்படும்” என்று எழுதாதீர்கள். “தீபாவளிக்குள் கு, டு, மு குடும்பம் கலைத்துக் காட்டினாலும் தவறாமல் சொல்வாள்” என்று எழுதுங்கள்.

தேதியைப் போடும்போது நம் ஊர் வானிலையைப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, எத்தனை நாள் விடுமுறை விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மற்றப் பிள்ளைகள் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார்கள், இந்தப் பிள்ளை பத்து நாள் இடைவெளியில் ரொம்ப தூரம் பின்னுக்குப் போய்விடும். ஆகவே புதிய பாடத்தின் பெரும்பகுதியை ஜூன் முதல் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். மழைக்கால வீட்டுப் பையில் எழுத்து அட்டைகள், ஏற்கெனவே வாசித்த நாலைந்து பத்திகள், ஒரு சிறு கதை போதும். புதிதாக எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நம் கிராமப் பிள்ளைகள் பஸ் ஏறி வேறு ஊர்ப் பள்ளிக்குப் போகிறார்கள். நாலைந்து வருஷ உழைப்பு அந்த இடத்தில்தான் தொலைகிறது. ஆறாம் வகுப்பு ஆசிரியர் மீண்டும் முதலிலிருந்து திட்டித் தொடங்குவார். கல்வித் தகவல் மேலாண்மை இணையதளத்தில் பிள்ளையின் விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று மே மாதத்துக்கு முன் பார்த்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழோடு அந்த ஒற்றைத் தாளின் நகலையும் பெற்றோர் கையில் கொடுத்து, புதிய பள்ளியின் தமிழ் ஆசிரியருக்கு ஒரு போன் செய்து நான்கு விஷயம் சொல்லுங்கள்: என்ன நன்றாக வரும், எதில் தடுமாறுவாள், எந்த முறையில் சொன்னால் புரியும், எதைச் செய்தால் உடைந்துபோவாள்.